முதுசொமாய் வந்த சுவடிகளும் அவற்றின் மதிப்பும்

முன்னோர் ஈட்டிய பொருள்களுள் நிலமும் மனையும் பொன்னும் இன்ன விலையின என்பதனை வழித்தோன்றல்கள் எளிதில் அறிவர். நிலத்திற்கு விளைவு உண்டு. மனைக்கு வாடகை உண்டு. பொன்னுக்கு உரைகல் உண்டு. பரண்மேற் கட்டிவைக்கப்பட்டுள்ள ஏட்டுச் சுவடிக்கும் பழைய அச்சுப் புத்தகத்திற்கும் அத்தகைய அளவுகோல் வெளிப்படையாக இல்லை. ஆதலின் பாகப்பிரிவினைக் காலத்திற் பித்தளைக் குடமும் மரப்பெட்டியும் கணக்கில் ஏற, அப்பெட்டியினுள்ளிருக்கும் சுவடிகள் கணக்கில் ஏறாதொழிகின்றன. சில வீடுகளில் ஒரு நூலின் முற்பகுதி தமையனுக்கும் பிற்பகுதி தம்பிக்கும் போய்விடுதலும் உண்டு. நிலத்தைப் பிரித்தால் இரண்டு நிலமாம். நூலைப் பிரித்தால் இரண்டும் குறையேயாம்.

தம் வீட்டுச் சுவடி யாது பெறும் என்று கேட்பார் இருதிறத்தினர். விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பார் ஒருதிறத்தினர். இதன்கண் யாது உளது, இஃது உலகிற்கு வேண்டுவதோ என்று கேட்பார் மற்றொரு திறத்தினர். முன்னைய வினாவும் இழிந்ததன்று. வறுமையுற்ற குடும்பத்தார் அதனைக் கேட்டல் இயல்பே. ஆயினும் பின்னைய வினாவிற்கு விடை காணாதார்க்கு முன்னையதற்கும் விடை கிடைத்தலில்லை. எழுதப்பட்டது யாதென்று அறியப்படாத ஓலைக்கட்டு, ஓலையின் விலையே பெறும். இவ்வுண்மையைத் தமிழ்நாட்டுச் சுவடிகளின் வரலாறே நன்கு விளக்கும்.

திருமுறைகள் கண்ட வரலாறு

சுவடியின் மதிப்பை அறியாது பூட்டிவைத்தலால் விளையும் கேட்டினைச் சைவ உலகம் தொன்றுதொட்டே அறியும். மூவர் அருளிய தேவாரத் திருப்பதிகங்கள் தில்லைத் திருக்கோயிலில் ஓரறையிற் காப்பிடப்பட்டிருந்தமையும், நம்பியாண்டார் நம்பியின் துணைகொண்டு அரசன் அவ்வறையைத் திறப்பித்தமையும், ஏடுகள் செல்லால் மூடப்பட்டுக் கிடந்தமையும், எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி எஞ்சியவற்றையே எடுத்தமையும் திருமுறைகண்ட புராணம் கூறும். எஞ்சியவை இக்காலத்திற்குப் போதியன என்று அசரீரி எழுந்தமையால் அன்பர்கள் ஆறுதலுற்றனர் என்பதும் அப்புராணத்தாற் பெறப்படும்.

இவ்வரலாற்றிற் கருதத்தக்கது ஒன்றுளது. அவ்வேடுகள் மதிப்பில்லன என்று எறியப்பட்டனவல்ல. மிக்க மதிப்புடையன என்று கருதியே பூட்டப்பட்டன. மூவர் கையடையாளமும் உள்ளன என்று போற்றியே காக்கப்பட்டன. ஆயினும் செல் அதனை நோக்கிற்றில்லை. எடுத்து ஓதப்படாத ஏடு போற்றப்பட்டதாயினும் அழியும். பிற்காலத்தே, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், திருவிடைவாய்த் திருக்கோயிலிற் கல்லில் வெட்டப்பட்டிருந்த திருஞானசம்பந்தர் திருப்பதிகம் ஒன்று கண்டறியப்பட்டது. ஏட்டில் வழங்காதொழிந்த அதனைக் கல் காத்துத் தந்தது. ஒரு படியே உள்ள பொருள் எத்துணை இடரில் உளது என்பதும், வேறிடத்து மற்றொரு படி இருத்தலின் பயன் எத்தகைத்து என்பதும் இதனால் இனிது விளங்கும்.

குடந்தையில் எழுந்த வினா

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு புதிய காலம் பிறந்தது. 1835 ஆம் ஆண்டில் அச்சுத் தொழிலைப் பற்றியிருந்த தடைகள் நீங்கியபின் நம்மவர் தாமே அச்சுக்கூடம் நிறுவலாயினர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுகநாவலரவர்கள் (1822–1879) 1849 ஆம் ஆண்டில் அச்சியந்திரம் வாங்கி வண்ணார்பண்ணையில் நிறுவிச் சைவ நூல்களையும் இலக்கண நூல்களையும் பல ஏடுகளோடு ஒப்புநோக்கி வெளியிட்டனர். அவர்களுக்குப் பின்னர்ச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் (1832–1901) வீரசோழியம், இறையனார் களவியல், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்தனர். ஏடுகள் கைபட்ட அளவில் நொறுங்கும் நிலையில் இருந்தமையைத் தம் பதிப்புரையிற் பிள்ளையவர்கள் எடுத்துரைத்து வருந்தியிருத்தல் கற்றாரனைவரும் அறிந்ததே.

அக்காலத்துக் கற்றோரும் எல்லாச் சுவடிகளையும் ஒப்ப மதித்தாரல்லர். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவாமிநாத தேசிகர் தம் இலக்கணக்கொத்தின் உரையில், சிந்தாமணி முதலாயினவற்றையும் பத்துப்பாட்டு எட்டுத்தொகைகளையும் கற்று வாழ்நாளை வீழ்நாளாக்குவாரைக் கடிந்திருக்கின்றனர். அவர் கருத்துச் சிவநூற் பயிற்சியில் மாணாக்கரை நிறுத்துதலேயாம். அஃது அவர் நிலைக்கு ஏற்றதே. எனினும், கற்கப்படாத நூல் படியெடுக்கப்படாது. படியெடுக்கப்படாத நூல் ஓலையின் வாழ்நாளோடு முடியும். ஒரு காலத்தார் பாடத்தினின்றும் நீக்கிய நூல், அடுத்த காலத்தார்க்கு இல்லாமலே போய்விடும். நூலின் மதிப்பை ஒரு காலத்தின் விருப்பத்தால் மட்டும் அளத்தல் கூடாதென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

1880 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், கும்பகோணத்தில் முனிசீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவ்வூர்க் கல்லூரித் தமிழாசிரியராகிய உ. வே. சாமிநாதையரவர்கள் கண்டனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்ற ஐயரவர்கள், தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் ஆகியவற்றை நிரலே கூறினர். முதலியார் அவற்றிற்கு வியந்தாரில்லை. இவற்றிற்கு முற்பட்ட சிந்தாமணி, மணிமேகலை முதலியவற்றைக் கற்றதுண்டோ என்று வினவினர். பெயரளவில் அறிந்தனவேயன்றிக் கற்றிலேன் என்னும் நிலையே ஐயரவர்களுடையதாக இருந்தது. முதலியார் தம்பாலிருந்த சிந்தாமணிப் பிரதியையும் கொடுத்துதவினர்.

அதுமுதல் ஐயரவர்கள் சிந்தாமணியை ஆராயப் புகுந்து, சமண சமயச் செய்திகள் விளங்காமல் இடர்ப்பட்டனர். அவ்வூரிலேயே வாழ்ந்த சைனர் இல்லங்களில் அந்நூல் முறையாகப் படனஞ் செய்யப்பட்டு வந்தமையும், படித்து முடித்தலை விழாவாகக் கொண்டாடுதலையும் கண்டு வியந்தனர். பிறர்க்குப் பொருள் விளங்காத ஏடு, அதற்குரிய வீட்டில் வாய்மொழி விளக்கத்துடன் உயிரோடிருந்தது. சைவராகிய ஐயரவர்கள் சைனரிடம் கேட்டுத் தெளிந்து, திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரவர்கள் உதவிய ஏட்டையும் ஒப்பிட்டு, 1887 ஆம் ஆண்டிற் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டனர். அதனைத் தொடர்ந்து 1889 இற் பத்துப்பாட்டும், 1892 இற் சிலப்பதிகாரமும், 1894 இற் புறநானூறும், 1898 இல் மணிமேகலையும் வெளிவந்தன. சைவமடத்து ஏடு சமண காப்பியத்திற்கு உதவியமை நினைந்து மகிழத்தக்கது. முற்காலத்தே ஓராசிரியர் கடிந்த நூலை அவ்வாதீனமே காத்தும் வைத்திருந்தது. வேண்டினார்க்கு வழங்கியும் உதவிற்று.

ஆற்றிலும் தீயிலும் அழிந்தன

ஐயரவர்கள் ஏடு தேடி ஊர்தோறும் சென்ற வரலாற்றை அவர்கள் தாமே விரித்தெழுதியுள்ளார்கள். அதன்கண் மகிழ்ச்சிக்குரிய பகுதிகள் உள்ளவாறே வருந்தத்தக்க பகுதிகளும் உள்ளன. பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்டனர் என்ற செய்தியைச் சில இடங்களில் அவர்கள் கேட்டனர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டிய அரசர் தொகுத்த ஏடுகளைத் தேடிச் சென்றபோது, பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமகுண்டத்தில் ஆகுதியாக இட்டுவிட்டனர் என்றும், ஆகம விதி அஃதென்றும் சொல்லக் கேட்டு உள்ளங் கொதித்தனர்.

இவற்றைச் செய்தார் தீயோரல்லர். ஏடு தெய்வத் தன்மையுடையது. அதனைக் குப்பையில் எறிதல் பாவம். ஆதலின் புனலிலோ அனலிலோ சேர்த்தல் வேண்டும் என்பது அவர்தம் நினைவு. மதுரையில் திருஞானசம்பந்தப் பெருமான் அனலில் இட்ட ஏடு வேகாது பச்சென்றிருந்ததும், வையையில் விட்ட ஏடு எதிரேறித் திருவேடகத்தில் ஒதுங்கியதும் சைவர் உள்ளத்தில் ஆழப் பதிந்த நிகழ்ச்சிகளாம். ஆயின் அவை அருளாளர் இட்ட ஏடுகள். நாம் இடும் ஏடு தீயில் வேகும்; ஆற்றில் விட்டால் கடலுக்கே செல்லும். மரியாதை வேறு, காப்பு வேறு என்பதனை உணராமையால் நேர்ந்த இழப்பு இத்துணைத்தென்று இன்று யாராலும் அளந்து கூறவியலாது. அழிந்த ஏட்டில் யாது இருந்தது என்று அறிதற்கு வழியில்லை யன்றோ?

உதிரி ஏட்டின் பெருமை

அழியாது எஞ்சியவற்றுள்ளும் எது சிறந்தது என்பதனைப் புறத்தோற்றத்தாற் கூறல் இயலாது. இதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதியன.

பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடி ஐயரவர்கள் ஆழ்வார்திருநகரிக்குச் சென்றனர். அங்கே இலக்குமண கவிராயர் என்பார் வீட்டிற் பரம்பரையாக வந்த சுவடிகள் மிகப் பல இருந்தன. நாள் பல முயன்று அவற்றை ஆராய்ந்தும் வேண்டியது கிடைத்திலது. பின்னர்க் கவிராயருடைய மாமனார் வீட்டிற்குச் சென்றிருந்த சுவடிகளிலிருந்து ஒன்று வருவிக்கப்பட்டது. அதனைப் பிரித்தவுடன் முல்லைப்பாட்டு என்னும் பெயர் கண்ணிற்பட்டது. பெருந்தொகுதி முழுதும் தராத பொருளைப் பிரிந்துபோன ஒரு கட்டுத் தந்தது. முதுசொத்தைத் தேடுவார் தம் வீட்டுப் பரணோடு நின்றுவிடாது, பெண் கொடுத்த வீட்டையும் கொண்ட வீட்டையும் வினவுதல் வேண்டும் என்பது இதனாற் போந்த பாடமாம்.

மற்றொன்று இதனினும் சிறந்தது. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் கொய்து குவித்த மலர்களின் பெயர்கள் நிரலே அடுக்கப்பட்டுள்ளன. ஐயரவர்கள் கண்ட ஏடுகளில் அவ்விடத்துச் சில மலர்களின் பெயர்கள் சிதைந்து விடுபட்டிருந்தன. அக்குறையோடு நூலை வெளியிட மனமின்றி அவர்கள் தேடிவருகையில், தருமபுர ஆதீனத்துச் சுவடிகளின் இடையே கட்டுக் குலைந்து கிடந்த ஒற்றை ஏடுகளில் அப்பகுதி அகப்பட்டது; உதிர்ந்த மலர்கள் மீண்டும் தம் காம்பிற் பொருந்தின. முழுச் சுவடியல்ல, முதலும் முடிவும் இல்லாத உதிரி ஓலைகள். விலை கூறுவார் ஒருவர் அவற்றைக் கண்டிருப்பின் அடுப்பிற்குரியன என்றே சொல்லியிருப்பர். ஆயினும் அழகிய சட்டமிட்ட முழுச் சுவடிகள் இழந்ததனை அவை பெற்றிருந்தன.

இவ்விரண்டானும் ஓருண்மை புலப்படும். ஒரு சுவடியின் மதிப்பாவது, பிற சுவடிகளில் இல்லாத யாதொன்றை அது தன்னகத்தே உடையது என்பதேயாம். நூறு வீடுகளில் உள்ள பாடத்தையே தானும் உடைய சுவடி, பழையதாயினும் ஒருவாற்றான் மிகையாம். வேறெங்கும் இல்லாத ஓரடியை, ஓருரையை, ஒரு பாடபேதத்தை உடைய சுவடி, நேற்று எழுதப்பட்டதாயினும் பெறலரியதாம்.

சுவடியை ஆராயும் முறை

இனி, ஒரு வீட்டிற் கிடைத்த சுவடியை எவ்வாறு ஆராய்ந்து மதித்தல் வேண்டும் என்பது சிறிது கூறப்படும்.

முதலாவது ஓலை. நாட்டுப்பனையோலை தடித்துக் குறுகியிருக்கும். தாளிப்பனையோலை அகன்று மென்மையாய் வளையும். ஓலையின் வகை, சட்டப்பலகை, துளை, கயிறு, கிளிமூக்கு என்பன எழுதப்பட்ட இடத்தையும் எழுதுவித்தாரது நிலையையும் ஒருவாறு காட்டும். ஓலையின் நிறங்கொண்டு காலம் கூறுவாரும் உளர், அது நம்பத்தக்கதன்று. புகைபடிந்த அடுக்களைப் பரணில் இருந்த புதிய ஏடு, காற்றோட்டமான அறையில் இருந்த பழைய ஏட்டினும் கறுத்துத் தோன்றும். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை சில நூற்றாண்டுகளுக்குமேல் நிலைத்தல் அரிது. ஆதலின் இப்போது கிடைக்கும் ஏடுகளெல்லாம் படிகளின் படிகளேயாம். ஓலையின் வயது வேறு, நூலின் வயது வேறு. இவற்றை ஒன்றாகக் கருதி, ஆயிரம் ஆண்டு முந்திய நூலாதலின் ஏடும் ஆயிரம் ஆண்டினது என்று மயங்குவார் பலர்.

இரண்டாவது எழுத்து. பழைய ஏடுகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒரே வடிவின. ஒரு கொம்பும் ககரமும் காலும் சேர்ந்து நின்றால், அது கொ என்றும், கோ என்றும், கெர என்றும், கேர என்றும், இடம் நோக்கி வேறு பலவாகவும் படித்தற்குரியது. செய்யுள்கள் அடி பிரிக்கப்படாமல் உரைநடைபோலத் தொடர்ந்து செல்லும். மூலமும் உரையும் கலந்து நிற்றலும் உண்டு. யாப்பறிவும் நூற்பயிற்சியும் உடையார்க்கன்றிப் பிறர்க்கு இவை வாயிற் புகா. ஆதலின் வீட்டார் தாம் படிக்க முயன்று, ஒன்றும் விளங்காமையின் மாந்திரிகமோ மருந்தோ என்று முடிவு செய்து ஒதுக்குதல் தவறாகும். மருந்தேயாயினும், கணக்கேயாயினும், சாதகமேயாயினும், நிலவோலையேயாயினும் ஒதுக்கத்தக்கதன்று. இலக்கியம் தேடிச் சென்ற முற்காலத்தார் கணக்கோலைகளைக் கருதாது விட்டனர். இக்காலத்து வரலாற்றாசிரியர்கள் ஊர்களின் வாழ்வை அவற்றிற் காண்கின்றனர்.

மூன்றாவது, ஏட்டின் இறுதியில் எழுதினோன் குறித்த வாசகம். நூலின் பெயர், எழுதி முடித்த ஆண்டு, திங்கள், கிழமை, நாண்மீன், எழுதினோன் பெயர், எழுதுவித்தோன் பெயர் என்பன அங்கே காணப்படும். இவற்றுள் ஆண்டினை ஆராயுங்கால் எச்சரிக்கை வேண்டும். பிரபவ முதலிய அறுபதாண்டுச் சுற்றின் பெயர் மட்டும் இருப்பின் காலம் துணிதல் அரிது. துன்முகி என்று மட்டும் காணின் அது 1776 ஆகலாம், 1836 ஆகலாம், 1896 உம் ஆகலாம். திருநெல்வேலிப் பக்கத்து ஏடுகளிற் கொல்லம் ஆண்டும் உடனெழுதும் வழக்கம் உண்டு. கொல்லம் 1012, துன்முகி, தை மாதம் என்று ஓரேட்டிற் காணப்படுவதாகக் கொள்க. கொல்லம் 1012 என்பது 1836 ஆவணியில் தொடங்கி 1837 ஆடியில் முடிவது. துன்முகி 1836 சித்திரையில் தொடங்கி 1837 பங்குனியில் முடிவது. ஆகவே அத்தை மாதம் 1837 சனவரியில் தொடங்கியதென்று துணியலாம். அவ்வாறன்றித் துன்முகி, ஆடி மாதம், கொல்லம் 1012 என்று இருக்குமாயின், அவை தம்முள் முரணும். துன்முகி ஆடி கொல்லம் 1011 இல் அடங்குமாதலின். அங்கே எழுதினோன் பிழைத்தனனோ, பிற்காலத்தான் ஒருவன் பழைய வாசகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு படியெடுத்தனனோ என்று ஆராய்தல் வேண்டும். படியெடுப்போர் தம் மூலவேட்டின் இறுதி வாசகத்தையும் சேர்த்து எழுதிவிடுதல் உண்டாதலின், வாசகத்தின் காலமே ஓலையின் காலம் என்று ஒருதலையாகக் கொள்ளுதலும் கூடாது.

நான்காவதும் தலையாயதும் பாடம். அச்சிற் கிடைக்கும் நூலாயின், நல்ல பதிப்பு ஒன்றோடு பத்து ஏடேனும் சொல் சொல்லாக ஒப்பிடுதல் வேண்டும். அச்சில் உள்ள பிழைகளே ஏட்டிலும் இருப்பின், அவ்வேடு அச்சைப் பார்த்தே எழுதப்பட்டதாதல் கூடும். அச்சு வந்தபின்னும் சில காலம் ஓலையில் எழுதும் வழக்கம் நிகழ்ந்ததுண்டு. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்து ஒரே பிழை பலகாலும் காணப்படின் அவை ஒரு தாயின் பிள்ளைகள் என்க. அத்தகைய ஏடுகள் பத்து இருப்பினும் ஒரு சான்றேயாம். வேறு வழியில் வந்த ஏடு, எழுத்துப்பிழைகள் நிறைந்ததாயினும், தனிச் சான்றாய் நின்று உண்மைப் பாடத்தைக் காட்டவல்லது. கற்றறியாத எழுத்தாளன் தான் கண்டதனைக் கண்டவாறே எழுதுவன்; கற்றவனோ தனக்கு விளங்காததனைத் திருத்தியும் எழுதுவன். ஆதலின் பிழை மலிந்த ஏடு சிலபோது பிழையற்ற ஏட்டினும் மெய்யுடையதாதல் உண்டு.

குருக்கள் இல்லங்களில் இருந்த ஆகமங்கள்

சைவர்க்கு மிக அணிமையான எடுத்துக்காட்டு ஒன்றுளது. சிவாகமங்கள் இருபத்தெட்டு என்றும் உபாகமங்கள் பல என்றும் வழிவழிக் கூறிவந்தோமாயினும், அவற்றுட் பல கிரந்தவெழுத்தில் ஏட்டளவிலேயே, சிவாசாரியார் இல்லங்களிலும் கோயில்களிலும் மடங்களிலும் கிடந்தன. பூசைக்கு வேண்டும் பத்ததிகள் கைக்கெட்டும் இடத்திலும், ஞானபாதம் முதலியன எட்டாத இடத்திலும் இருந்தன. 1955 ஆம் ஆண்டிற் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டபின், அந்நிறுவனத்தார் அவ்வில்லங்களை நாடிச் சென்று ஏடுகளைத் திரட்டினர். கொடுக்க இசையாதாரிடமிருந்து படியெடுத்துக்கொண்டனர். என். ஆர். பட் என்னும் அறிஞர் பல ஏடுகளை ஒப்பிட்டு இரௌரவாகமத்தின் முதற் பகுதியை 1961 ஆம் ஆண்டில் வெளியிட்டு, மிருகேந்திரம், அஜிதம் முதலியவற்றையும் அடுத்தடுத்துப் பதிப்பித்தனர். புதுச்சேரியில் உள்ள ஏறக்குறைய 11,000 சுவடிகளைக் கொண்ட சைவச் சுவடித் தொகுதியை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகம் 2005 ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

தந்தையார் ஓதிய கிரந்தவெழுத்து மைந்தர்க்கு வாராத வீடுகளிலிருந்தே அவற்றுட் பல வந்தன. அவ்வீட்டார் அவற்றை ஆற்றில் விட்டிருப்பின், இற்றைச் சைவ ஆராய்ச்சியாளர் ஆகமப் பெயர்களை எண்ணிக்கொண்டிருத்தலன்றி நூல்களைக் காணல் இயலாதாகும்.

பழைய அச்சுப் புத்தகங்கள்

ஏட்டினை மதிப்பார் சிலர் அச்சுப் புத்தகத்தை மதியாது எடைக்கு விற்கின்றனர். இதுவும் ஆராயத்தக்கதே. திருக்குறள் 1812 ஆம் ஆண்டிலேயே அச்சேறிற்று. நூல்களை அரசினரிடம் பதிவு செய்தல் வேண்டும் என்னும் சட்டம் 1867 ஆம் ஆண்டில் வந்தது. ஆகவே அதற்கு முன் வெளிவந்த தமிழ்ப் புத்தகங்களுக்கு அத்தகைய அரசாங்கப் பதிவு இல்லை. மர்டாக் என்பார் 1865 ஆம் ஆண்டில் தொகுத்த தமிழச்சு நூற்பட்டியும், ஆங்காங்கு வீடுகளில் எஞ்சிய புத்தகங்களுமே அவற்றை அறிதற்குத் துணையாவன. அக்காலத்துப் பதிப்புக்கள் பின்னர் மறைந்த ஏடுகளைக் கண்டு அச்சிட்டவையாதலின், அவையே ஏட்டின் நிலையைப் பெற்றுவிட்டன. ஓரங்களில் முன்னோர் எழுதிய திருத்தங்களும் பாடபேதங்களும் உளவேல், அப்புத்தகத்தின் மதிப்புப் பன்மடங்கு உயரும். அழகு கருதி அவ்வோரங்களை வெட்டிப் புதிய கட்டடம் செய்வித்தல் ஆகாது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார், பெயர்ப்பலகை எழுதும் தொழிலுடையவராயிருந்தும், பிறர் எறிந்த புத்தகங்களையும் மலர்களையும் அறிக்கைகளையும் வாழ்நாள் முழுதும் திரட்டினர். அவர் 1992 ஆம் ஆண்டில் மறைந்தபின் அத்தொகுதியைச் சிகாகோப் பல்கலைக்கழகத்தார் விலைகொடுத்துப் பெற்றுத் தமிழ்நாட்டிலேயே நிறுத்தினர். 1994 ஆம் ஆண்டில் அவர் பெயராற் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. கடல் கடந்த பல்கலைக்கழகம் மதித்தது, உள்ளூரார் எடைபோட்டு விற்றனவற்றையே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மறைமலையடிகளார் (1876–1950) தாம் வாழ்நாளெல்லாம் தொகுத்த நூல்களைப் பொதுமக்களுக்கே உரியனவாக்க விரும்பினர்; அவ்விருப்பத்தைச் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் 1958 ஆம் ஆண்டிற் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையமாக நிறைவேற்றினர்.

விலையும் கடமையும்

விலை என்பதும் ஒரு சொல் கூறுதற்குரியது. நூற்றொகுதிகளை வாங்குவாரும் விற்பாரும் என்றும் உளர். காலின் மெக்கன்சி (1754–1821) திரட்டிய ஓலைகளையும் படிகளையும் அவர் இறந்தபின் கும்பினியார் விலைகொடுத்துக் கொண்டனர். அவற்றுள் ஒரு பகுதியே 1869 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திற்கு அடிப்படையாயிற்று. விற்றல் தகாதென்பதன்று, அறியாமல் விற்றலே தகாது. மேலும், 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி, எழுபத்தைந்து ஆண்டிற்குக் குறையாத பழமையும் இலக்கிய வரலாற்றுச் சிறப்பும் உடைய கையெழுத்துச் சுவடிகள் தொல்பொருளாகக் கருதப்படும். தனியார் அவற்றை நாட்டிற்கு வெளியே அனுப்புதல் கூடாது. கட்டைப் பிரித்து ஏடு ஏடாக விற்பார், நூலையும் அழித்துத் தம் விலையையும் குறைத்துக்கொள்வோரேயாவர்.

ஆதலின் சுவடி வீட்டிற் கண்டார் முதலிற் செய்யற்பாலன சிலவே. கட்டுக்களைக் கலத்தலும் ஒழுங்கு மாற்றுதலும் கூடாது. எந்தப் பெட்டியில் எந்தக் கட்டு இருந்தது என்று எழுதிவைத்தல் வேண்டும். நீர் கொண்டு கழுவுதலும், ஒட்டிய ஏடுகளைக் கத்தியாற் பிரித்தலும் ஆகா. எழுத்துப் புலப்படுதற்கு மையாடுதலும் எண்ணெய் பூசுதலும் தேர்ந்தார் கையாற் செய்யப்படல் வேண்டும். அதன்பின் ஏடு படிக்கவல்லார் ஒருவரைக் கொண்டு ஒவ்வொரு கட்டின் முதலும் முடிவும் படிப்பித்துப் பட்டி எழுதுக. பட்டி எழுதப்பட்ட அன்றே அச்சுவடி பாதி பிழைத்ததாம்.

எஞ்சிய பாதி, படியெடுத்தலாற் பிழைக்கும். முன்னோர் ஓலையினின்று ஓலைக்கு எழுதினர். இக்காலத்தார் ஒளிப்படமாகவும் மின்படியாகவும் எடுக்கின்றனர். கருவி வேறாயினும் தொழில் ஒன்றே. ஏட்டைக் கைவிட மனமில்லாதார் அதனைத் தம்மிடமே வைத்துக்கொண்டு படியை மட்டும் நூலகத்திற்கு உதவலாம். தம்மாற் காக்க இயலாதார் ஏட்டையே உதவலாம். தஞ்சைச் சரசுவதி மகாலுக்குப் பண்டிதர் குடும்பங்கள் சில தம் முதுசொமாகிய சுவடிகளை அவ்வாறே நல்கின. ஐயரவர்கள் தேடித் தொகுத்தனவும் 1943 ஆம் ஆண்டு முதல் அவர்கள் பெயராலமைந்த சென்னை நூல்நிலையத்தில் உள்ளன. எனினும் பொதுவிடத்திற் சேர்த்துவிட்டோம் என்று அமைதி கொள்ளுதலும் முடியாது. 1981 ஆம் ஆண்டு மேத் திங்கள் இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. ஓலைச்சுவடிகளும் அவற்றோடு சாம்பலாயின. நாவலரும் பிள்ளையவர்களும் பிறந்த நாட்டிலேயே அது நிகழ்ந்தது. அங்கே அழிந்த ஏடுகளுள் வேறிடத்துப் படி உள்ளவை இன்றும் உள்ளன. படி இல்லாதவை இல்லை.

தில்லையிற் செல்லரித்தவை போக எஞ்சியவற்றைக்கொண்டே சைவம் இத்துணைக் காலம் ஓதிவருகின்றது. இன்று பரண்மேல் உள்ளனவற்றிற்கு அத்தகைய அசரீரி எழும் என்று எதிர்பார்த்திருத்தல் அறிவுடைமையன்று. முன்னோர் எழுத்தாணி பிடித்து எழுதியது பின்னோர் படித்தற்பொருட்டேயாம். ஆண்டுதோறும் கலைமகள் பூசையிற் சுவடிக்குப் பூவும் சந்தனமும் சாத்துவார், அடுத்த நாள் மீண்டும் கட்டிவையாது ஒருமுறை பிரித்துப் படிப்பிப்பாராயின், தம் வீட்டுப் பொருளின் மதிப்பைத் தாமே அறிவர், உலகமும் அறியும்.